ஒரு சாண் ஆட்டம்

எங்க வீட்டுக்காரர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஆட்டு மே" என்று எனக்குக் குரல் கொடுப்பார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டுவேன். வண்டி நகராது. தொட்டிலை ஆட்டுவதுபோலச் சும்மா ஆட்டவேண்டும், அவ்வளவுதான். அடியில் அவர் ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். எந்த மூட்டு தேய்ந்திருக்கிறதோ அது அவர் விரலுக்கடியில் துள்ளும். நாடி பார்க்கிற மாதிரிதான். ஒரு ஆள் ஆட்டணும், ஒரு ஆள் பார்க்கணும். தனியாளால் ஆகாத வேலை என்பதால் கல்யாணமான மறுமாசமே எனக்கு அந்த சீட்டில் இடம் கிடைத்துவிட்டது.

செஞ்சியில் அறுபதுகளில் ஒரு பொம்பளை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் தெருவே நின்று பார்க்கும். குடத்தோடு போகிறவர்கள், "இன்னா மே, எந்த ஊருக்கு சவாரி?" என்பார்கள். "உங்க மாமியார் ஊருக்குத்தான், ஏறிக்கோங்க" என்பேன். "அய்யோ, அந்தக் கெழவியப் பார்க்க நடந்தே போறதில்ல, பிளசர்ல வேற போவணுமா!" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். காரை அப்போது எங்கள் பக்கம் பிளசர் என்றுதான் சொல்வோம்.

நான் மூணாவதோடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் வேர்க்கடலைப் பொட்டலத்துக் காகிதத்திலும் பஸ் போர்டிலும்தான். பேச்சு மட்டும் ஊர் கற்றுக்கொடுத்தது. யார் வாயிலிருந்து சுவையாக ஒரு வார்த்தை விழுந்தாலும் நெல்லில் ஒட்டிய உமி மாதிரி என் காதில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பிளசரைப் பற்றியே ஊரில் எத்தனை வார்த்தை! வெள்ளைக்காரன் காலத்து வண்டி, கறுப்பு, புதுச்சேரிப் பக்கம் யாரோ டாக்டர் வைத்திருந்து, இன்னும் இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. டீக்கடைக்காரர் சொல்வார், "வண்டில ஹாரன் தவிர எல்லாம் சத்தம் போடுதுப்பா." அது உண்மையும்கூட.

ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்த பாய் வண்டியைப் பார்த்தார். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கம்பி ஒன்று உண்டு, டைராடு என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் ஒரு குண்டு, குண்டு உட்கார ஒரு கிண்ணம். நம் தோள்மூட்டு மாதிரி. இடது பக்கத்துக் கிண்ணம் தேய்ந்து அகன்றுபோயிருந்தது. பாய் அதை முறுக்கி இறுக்கிவிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "பல்லு ஆடுற மாதிரி ஆடுது தம்பி. பல்லுன்னா புடுங்கிப் போட்டுட்டு கஞ்சி குடிக்கலாம். இத புடுங்கிட்டு இன்னா பண்ணுவே? மெட்ராஸ்ல சொல்லி வுட்டிருக்கேன், அமாவாசை கழிஞ்சு வரும். அதுவரைக்கும் வண்டிய வீட்டோட வெச்சுக்க."

இவர் தலையாட்டினார். ஆனால் அனந்தபுரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போக வண்டி தருவதாக முன்பே சொல்லியிருந்தார். அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறுவதென்றால் கூரையில்தான் இடம். விவசாயி வீட்டில் கைக்குழந்தை, முதல் முடி இறக்க வேண்டுதல். "பச்சப் புள்ளய அந்தக் கூட்டத்துல நசுக்கறதா? சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார் இவர்.

மறுநாள் காலையில் கோட்டை மலைமேல் வெயில் விழும்போது இவர் அடியில் படுத்தார். "ஆட்டு மே." ஆட்டினேன். முந்தின நாள்தானே பாய் இறுக்கினார், விறைப்பாக இருக்கும் என்று நினைத்துக் கை வைத்தேன். ஸ்டியரிங் ஒரு சாண் தூரம் சும்மா வந்தது. அந்த ஒரு சாணுக்கும் கீழே யாருமே இல்லை. படி இருக்கிறது என்று காலை வைத்துப் படி இல்லாமல் போனால் வயிற்றில் ஒன்று விழுமே, அந்த மாதிரி. அப்புறம்தான் கீழே எங்கேயோ "டொக்" என்றது. இன்னொரு பக்கம் ஆட்டினேன். ஒரு சாண் சூனியம். "டொக்."

"இன்னாய்யா இது, நேத்துதானே இறுக்குனாரு?"

அவர் வெளியே வந்தார். முதுகு மண்ணைத் தட்டவில்லை.

"அவ்ளோ ஒண்ணும் இல்ல."

எங்கள் வீட்டில் 'அவ்ளோ ஒண்ணும் இல்ல' என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். என் நாத்தனாருக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும் அதையேதான் சொன்னார்.

"போவாதய்யா."

"மெதுவா போவேன். வண்டி எனக்குத் தெரியும் மே."

"அப்ப நானும் வரேன். போறதுன்னா ரெண்டு பேரும் போவோம்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார், பிறகு, "பூ வெச்சுக்கினு வா, சாமி பார்த்த மாதிரியும் ஆச்சு" என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் வந்து சேர்ந்தார்கள். விவசாயி, அவர் சம்சாரம், மடியில் குழந்தை, விவசாயியின் அக்கா, காலைக் கட்டிய ஒரு சேவல். அக்காவுக்கு நாற்பது வயசிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஒரு கத்தை வேப்பிலை. அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் தன்மேல் வருவதாக ஏறும்போதே சொல்லிக்கொண்டார். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பல் இல்லாத வாய். இவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் போனார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்:

"அக்கா, ஆட்டம் இருக்குதுக்கா."

அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளாவே இருக்குது. நேத்து அடங்குனாப்புல இருந்துச்சு. காலைல மறுபடியும். கையில நல்லா தெரிஞ்சுது, ஒரு சாணுக்கு ஆடுது. பயமா இருக்குதுக்கா."

"பயப்படாத கண்ணு" என்று என் கன்னத்தைத் தடவினார். "மொத மொத அப்டித்தான் இருக்கும். எனக்கும் கையிலதான் ஆரம்பிச்சுது. ஆத்தா எடத்துக்குத்தானே போறோம், அங்க வந்து நல்லா ஆடிரு, செரியாப் பூடும்." வேப்பிலையில் பாதியைப் பிரித்து என் கையில் திணித்தார். "வர்றாப்புல இருந்தா அடக்காத."

நான் வண்டியைச் சொன்னேன், அவர் என்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு உறைப்பதற்குள் இவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்பிவிட்டார். "ஏறு மே" என்றார். ஏறினேன். முன்சீட்டில் நானும் அவரும், நடுவில் அவர்களுடைய பூசைக் கூடை. மற்றவர்களெல்லாம் பின்னால்.

சேத்துப்பட்டு ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம். அதுவரை எனக்குப் புளியமரம் என்றால் நிழல். அன்றைக்கு ஒவ்வொரு மரமும் எங்களைப் பார்த்து நடந்து வருகிறதுபோல இருந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, இவர் கையைப் பார்த்தேன். நேரான ரோட்டில் கை நிற்கவே இல்லை. வலப்பக்கம் ஒரு சாண், இடப்பக்கம் ஒரு சாண், மறுபடியும் வலம். வண்டி எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அதற்கு முன்னால் இவர் கை அங்கே போய் நிற்கணும். பின்னாலிருந்து விவசாயி, "இன்னாப்பா, மோர் கடையிற மாதிரி கடையிற?" என்று கேட்டார். பின்சீட்டில் சிரிப்பு. இவரும் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. கழுத்தில் வேர்வை சட்டைக் காலரை நனைத்திருந்தது. தை மாசம், வேர்க்கிற காலமா அது?

எதிரே கரும்பு வண்டி ஒன்று வந்தது. ஒதுங்குவதற்காக இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினார். மறுபடி ரோட்டில் ஏறும்போது ஒரு பள்ளத்தில் 'டொக்' என்று அடித்தது. உடனே முன்பக்கம் முழுக்கக் கிடுகிடுவென்று உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங் இவர் கையில் நடுங்கியது. அந்த நடுக்கம் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது, கூடையில் தேங்காய்கள் ஒன்றோடொன்று மோதின. இவர் காலை எடுத்தார். வேகம் குறைந்ததும் அடங்கியது. எனக்கு மட்டும் அடங்கவில்லை. வேப்பிலையை நசுக்கி நசுக்கிக் கையெல்லாம் பச்சையாகிவிட்டது.

அக்கா முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார். "வருதா?"

"இல்லக்கா."

"வரும், வரும்."

வண்டிக்கு மறுபடி எப்போது வரும் என்றுதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை தூங்கிப்போயிருந்தது. அதன் தலை தாயின் முழங்கையில் தொங்கி, வண்டி ஆடுகிற பக்கமெல்லாம் ஆடிற்று. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் திரும்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை என் கழுத்து கேட்கவில்லை.

மேல்மலையனூர் போகும் வழியில் ரோடு ஒரு ஏரிக்கரைமேல் ஏறும். அந்த வருஷம் நல்ல மழை, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தண்ணீர். இடப்பக்கம் சரிவு, சரிவின் அடியில் நடவு முடிந்த வயல். நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். தடுப்புக்கல் இருந்த இடத்தில் கல்லைக் காணோம், யார் வீட்டுக்கு வாசற்படியாகப் போயிற்றோ.

கரைமேல் ஏறினதும் இவர் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார். நான் எண்ணெய் விட்டுச் சீவி முடித்த என் கொண்டையைச் சீட்டின்மேல் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் ஏரி இன்னும் பக்கத்தில் வந்தது. திறந்தேன். கரைமேல் மழை அறுத்த ஒரு வாய்க்கால் குறுக்கே கிடந்தது. முன்சக்கரம் அதில் இறங்கி ஏறியது.

கீழே கேட்டது 'டொக்' இல்லை. எலும்பு விலகினால் கேட்கும் சத்தம்.

வண்டி உதறத் தொடங்கியது. முன்பு உதறியதெல்லாம் இதற்கு ஒன்றுமே இல்லை. கதவு, கண்ணாடி, சீட்டு, எங்கள் பல், எல்லாம். சேவல் கத்தியது. ஸ்டியரிங் இவர் கையை மீறி ஏரிப்பக்கம் ஒரு தரம், வயல்பக்கம் ஒரு தரம் இழுத்தது. பின்னால் அக்கா குலவை போட்டார். "ஆடுறா! ஆத்தா ஆடுறா! நிறுத்தாதய்யா!" விவசாயியும், "நிறுத்தாதப்பா, சாமி வர்றப்ப நிறுத்தக்கூடாது!" என்று கத்தினார்.

அப்போது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. "எறங்கு! எறங்கு! எல்லாரும் எறங்குங்க! எறங்குங்கடா!" கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் உப்புக் கரித்தது, உதட்டைக் கடித்திருக்கிறேன். இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி கரை நடுவில் நின்றது.

பின்கதவு திறந்தது. விவசாயி இறங்கினார், குழந்தையோடு சம்சாரம் இறங்கினாள், அக்கா சேவலோடு இறங்கினார். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆத்தா இறங்கச் சொன்னால் இறங்கவேண்டியதுதானே! என் பக்கத்துக் கதவைத் திறந்து என்னை அணைத்து இறக்கினார் அக்கா. ரோட்டில் உட்காரவைத்து என் முன்னால் கற்பூரம் ஏற்றினார். விவசாயி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தார்.

"தாயே, இன்னா கொறை வெச்சோம், சொல்லு. எதுக்கு எறங்கச் சொன்ன?"

"ஆட்டம்..." என்றேன். பல் கிட்டிக்கொண்டது. "ஆட்டம்... சக்கரம்..."

"சக்கரமா? சக்கரம் வெச்சுப் பூசை செய்யணுமா தாயே?"

இவர் இறங்கிக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "குண்டு நுனியில புடிச்சுக்கினு இருக்குது மே. கரை நடுவுல வுட முடியாது. ஸ்பெஷல் பஸ்ஸு வரும், பிரேக்கு புடிக்க எடம் இல்ல. கீழ எறக்கிட்டு வந்துர்றேன்."

"வேணாம்யா."

"அவ்ளோ ஒண்ணும் இல்ல."

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பித்தான் ஒன்று கையோடு வந்தது. அக்கா என் கையைப் பிரித்தார். "வுடு தாயே, புள்ளய வுட்டுடு. உன் புள்ளதானே அவனும்." நான் புருஷனைப் பிடித்து இழுக்கிறேன், அவர்கள் சாமியிடமிருந்து ஆளை மீட்கிறார்கள். இந்தக் கூத்தை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, அந்த மண்ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் கதவைச் சாத்திய சத்தத்தைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இவர் போகிறார்.

நடக்கிற வேகம்கூட இல்லை. ஊர்ந்து போனது வண்டி. கரை முடிகிற இடத்தில் ரோடு இடப்பக்கம் வளைந்து இறங்கும். அதுவரை நேராகப் போனது. சாத்திய கதவை மறுபடி திறந்துவைத்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி அவர் ஓட்டியது தெரிந்தது, குதிக்கத் தோதாக. ஏரி அந்த இடத்தில் ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். வலது சக்கரம் அவர் சொன்னபடி இடப்பக்கம் திரும்பியது. இடது சக்கரம் திரும்பவில்லை. அது தன் பாட்டுக்கு ஏரியைப் பார்த்துப் போயிற்று. கம்பி மண்ணில் விழுந்து உழுதுகொண்டு வந்த சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசையில் இழுக்க, வண்டி நடுவில் முக்கி, ஒரு தரம் குலுங்கி நின்றது.

அவர் இறங்கவில்லை.

நான் ஓடினேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தலைவிரி கோலமாக ஓடுகிறேன், பின்னால் அக்கா குலவை போட்டுக்கொண்டு ஓடிவருகிறார். இவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பிடித்த கையை எடுக்க வரவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

"அந்தப் புள்ள எங்க?" என்றார். முதல் வார்த்தை அதுதான்.

"கரை மேல. தூங்குது."

அதற்குப்பிறகுதான் அவர் அழுதார். யாரும் பார்க்காதபடி கூடை மேல் குனிந்து, தேங்காய் எண்ணுகிறவர் மாதிரி.

கொஞ்ச நேரத்தில் ஸ்பெஷல் பஸ் வந்தது, கூரையெல்லாம் ஆள். கீழே வண்டியைப் பார்த்துவிட்டு இறங்கிய ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து அதைத் தூக்காத குறையாக ஓரம் தள்ளினார்கள். இரண்டு திசை பார்த்த சக்கரத்தைப் பார்த்து ஒருத்தர், "புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கினு நிக்கிற மாதிரியில்ல நிக்குது" என்றார். அதற்குள் அக்கா பஸ் முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டார். ஆத்தா முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, எறங்கச் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதை. ஆட்கள் என் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் வைக்க ஆரம்பித்தார்கள். குழந்தையை என் முன்னால் நீட்டினார்கள். திருநீறு பூசினேன்.

அக்கா பஸ்ஸில் ஏறுமுன் அவர் காதோடு சொன்னேன்: "அக்கா, எனக்கு ஒண்ணும் வரல. சத்தியமா. பயந்து கத்துனேன், அவ்ளோதான்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அந்த பயத்த உனக்குக் குடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டு ஏறிப்போய்விட்டார். பாயைக் கேட்டால் இடது பக்கத்துக் கிண்ணம் என்பார்.

மெட்ராசிலிருந்து சாமான் வந்தது. பாய் இரண்டு முனையையும் மாற்றி, சக்கரம் திரும்ப அச்சாக நிற்கிற கிங்பின்னையும் புதிதாகப் போட்டார். ஸ்டியரிங் விறைத்துக்கொண்டது. இனிமேல் நான் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வண்டி கேட்டு வருகிறவர்கள் இவரைப் பார்க்கவில்லை, என்னைத் தேடினார்கள். "அந்தம்மா வருதா? வந்தா ஏறுறோம்." தளவானூர்க் கல்யாணமானாலும் சரி, திண்டிவனம் ஆஸ்பத்திரியானாலும் சரி, முன்சீட்டில் நான் உட்கார்ந்தால்தான் பின்கதவு சாத்தப்படும்.

எந்த வண்டியை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறதோ அதே வண்டியில் வாரத்துக்கு நாலு நாள். அதிலும் ஒரு கொடுமை. பின்னால் உட்கார்ந்தவர்கள் ரோட்டைப் பார்க்கமாட்டார்கள், முன்னால் தொங்குகிற சின்னக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். நான் முகம் சுளித்தால் போயிற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே உயிர் போய் உயிர் வரும், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளணும். ஏரிக்கரை வந்தால் சேலைத் தலைப்புக்குள் விரலை விட்டு ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வேன். மேலே சிரித்த முகம்.

ஒரு தரம் அதே கரைமேல் போகும்போது எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தும்மின மறுநிமிஷம் பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கத்துக் கதவையும் திறந்து, ஓடுகிற வண்டியிலிருந்து கரைமேல் குதித்துவிட்டார்கள். நல்லவேளை, வண்டி மெதுவாகப் போயிற்று. பட்டு வேட்டியெல்லாம் சேறு. இவர் பிரேக்கைப் பிடித்து என் பக்கம் திரும்பினார்.

"தும்மறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மே?"